கூடும் விலாசமும்

கண்டி வாவியைப் பற்றி எழுதப்பட்டவை பல. உல்லாசப் பயணிகளுக்கான கைந்நூல்கள் அதன் அழகைச் சொல்லும். வரலாற்று நூல்கள் அதனைக் கட்டுவித்த மன்னனைச் சொல்லும். கரையோர மரங்களிலே குடியேறிக் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் நீர்ப்பறவைகளைப் பற்றியோ, அப்பறவைகளின் எச்சத்தை விடியற்காலையில் கூட்டிக் கழுவும் மனிதரைப் பற்றியோ எழுதியவர் மிகச் சிலர். இக்கட்டுரை அவ்விரு சாராரையும் பற்றியது. பறவையைக் குறித்துத் தொடங்கிய பேச்சு மனிதரிடம் வந்து முடிவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். வாவிக்கரையில் நின்று நிதானமாகப் பார்ப்பவர் எவரும் அவ்வழியாகவே வந்து சேர்வர் என்பது என் எண்ணம்.

முதலில் வாவியின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். இது இயற்கை தந்த நீர்நிலை அன்று. கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டில் வயல்வெளியொன்றின் குறுக்கே அணைகட்டத் தொடங்கி, 1812 ஆம் ஆண்டளவில் முடித்த செயற்கைக் குளம் இது. வாவியோரத்து மேகச் சுவர் இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கின்றது. கட்டுவித்தவன் பெயர் நமக்குத் தெரியும். திட்டமிட்ட சிற்பியான தேவேந்திர மூலாச்சாரியின் பெயரும் தெரியும். மண்சுமந்தவரின் பெயர் ஒன்றேனும் தெரியாது. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பெயரால் அழைத்துவரப்பட்ட குடியானவர்கள் அவர்கள். அவ்வூழியத்தை மக்கள் வெறுத்தனர் என்பதும், எதிர்த்தவர் கொடுந்தண்டனைக்கு ஆளாயினர் என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவன. வாவி முற்றுப்பெற்று மூன்றாண்டுகளுக்குள் இராச்சியம் வெள்ளையர் கைக்குப் போயிற்று. மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே மாண்டான். அதே 1832 ஆம் ஆண்டிலேதான் இராஜகாரியத்தை ஒழிக்கும் ஆணையும் பிறந்தது. ஆனால் ஊழியம் ஒழிந்ததா? கட்டாயம் வேறு உருவம் பூண்டது. கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் காடழித்துக் கோப்பி நடுவதற்காக, தென்னிந்தியாவிலிருந்து பஞ்சத்தால் வாடிய ஏழைகள் ஏற்கெனவே கால்நடையாகக் கொண்டுவரப்பட்டுக் கொண்டிருந்தனர். என் முன்னோர் அவ்வழி வந்தவர்கள்.

நான் கண்டியில் உயர்தர வகுப்பு மாணவருக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன். பறவையியல் கற்றவனல்லன். பாடசாலை முடிந்தபின் பஸ் வண்டிக்காகக் காத்திருக்கும் வேளையிலே வாவிக்கரையில் நிற்கும் வழக்கம் ஏற்பட்டது. நின்றவன் பார்க்கத் தொடங்கினேன். கடந்த மார்கழி முதல் சித்திரை வரை, விடுமுறை நாட்கள் நீங்கலாக, ஏறக்குறைய நாள்தோறும் பார்த்தேன். பார்த்தவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவைத்தேன்.

நீரின் மேற் கவிந்து நிற்கும் பெருமரங்களே பறவைகளின் குடியிருப்பு. உச்சிக் கிளைகளிலே நீர்க்காகங்கள். அவற்றிற்குக் கீழே கொக்குகளும் குருட்டுக் கொக்குகளும். எல்லாவற்றிற்கும் மேலே, கிளை வளைய வந்து அமரும் கூழைக்கடாக்கள். தூரத்திலிருந்து நோக்குவார்க்கு மரம் முழுவதும் கருமையும் வெண்மையுமாகப் பூத்தது போலத் தோன்றும். அருகே சென்றால் அழகுணர்ச்சி சற்றுத் தணியும். கருகிய மீனின் நாற்றமும், எச்சத்தின் காரமும், ஓயாத கரகரப்பும் நம்மை எதிர்கொள்ளும். கவிதையிலே பறவை வாழும் இடத்திற்கும் மெய்யாகவே பறவை வாழும் இடத்திற்கும் இடையே உள்ள தூரம் அது.

நீர்க்காகம் கூடுகட்டும் முறையை முதன்முதலிற் கவனித்தேன். ஆண் சுள்ளி கொண்டுவருகிறது. பெட்டை வாங்கி அடுக்குகிறது. ஒரு சுள்ளியை நான்கு முறை எடுத்து நான்கு விதமாகச் செருகிப் பார்க்கும் பொறுமை அதற்கு உண்டு. நீரினுள் மூழ்கி மீன் பிடிப்பதே இதன் தொழில். அதன் இறகு நீரை முற்றாக விலக்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் சிறகை விரித்து வெயிலிற் காயவைக்க வேண்டும். உழைத்து நனைந்த சட்டையைக் கொடியிற் போட்டுவிட்டு அது காயும் வரையும் வெற்றுடம்போடு காத்திருக்கும் தொழிலாளியை நான் சிறுவயதிற் பார்த்திருக்கிறேன். ஒற்றைச் சட்டை உள்ளவனின் நிலை அது. நீர்க்காகத்தின் நிலையும் அதுவே.

முட்டைகளை அது உடலாற் சூடேற்றுவதில்லை என்பதை நூல் பார்த்தே அறிந்துகொண்டேன். ஏனைய பல பறவைகளுக்கு அடைகாக்கும் பருவத்தில் வயிற்றிலே இறகுதிர்ந்து வெற்றுத்தோல் தோன்றும். நீர்க்காகத்திற்கும் கூழைக்கடாவிற்கும் அது இல்லை. விரல்களை இணைக்கும் சவ்வுப் பாதத்தையே அவை முட்டையோடு சேர்த்து வைத்துக் காக்கின்றன. துடுப்பாக உதவும் கால் தொட்டிலாகவும் உதவுகின்றது. பொரித்த குஞ்சோ இறகற்ற கரிய தோலும் கண்திறவாத தலையுமாகப் பார்க்கச் சகியாத உருவம் உடையது. தாயின் தொண்டைக்குள்ளே தலையை நுழைத்து, அரைகுறையாகச் செரித்த மீனை உண்கிறது. நண்பகல் வெயில் கடுமையாயின் தாயோ தந்தையோ சிறகை விரித்து நிழல் செய்து நிற்கும். ஒரு நாள் கொதிக்கும் வெயிலில் இரண்டு மணிநேரம் அப்படி நின்ற ஒரு நீர்க்காகத்தைக் கண்டேன். வாயைத் திறந்து தொண்டையை அதிரவைத்துக்கொண்டே நின்றது. அதனைத் தாய்மை என்று சொல்லிக் கண்ணீர் வடிக்க எனக்கு விருப்பமில்லை. வேலை என்று சொல்லவே விரும்புகிறேன். வேலை என்ற சொல் அதனினும் தாழ்ந்ததன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். பறவையைக் காட்டி மனிதனுக்கு உபதேசம் செய்யும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. ஒற்றுமைக்குக் காகம், சுறுசுறுப்பிற்கு எறும்பு, பொறுமைக்குக் கொக்கு என்று பாலர் வாசகங்களில் ஆளுக்கொரு பாடம் ஒப்படைத்திருக்கிறோம். மரத்தடியில் ஐந்து மாதம் நின்றவன் இப்பாடங்களை அப்படியே ஏற்கமாட்டான். நீர்க்காகம் திருடும், அயற்கூட்டில் ஆளில்லாத சமயம் பார்த்துச் சுள்ளியை உருவிக்கொண்டு வரும். முட்டைகள் ஒரே நாளிற் பொரிப்பதில்லை. முந்திப் பிறந்த குஞ்சு பெருத்து, பிந்திப் பிறந்ததின் பங்கையும் விழுங்கிவிடும். மீன் குறைந்த நாட்களிற் கடைக்குட்டி வாடிச் சாகும். அப்படிச் செத்த குஞ்சு ஒன்று நடைபாதையில் விழுந்து கிடக்க, பாடசாலைப் பிள்ளைகள் அதனைச் சுற்றி நின்றதை நான் கண்டேன். இயற்கையிற் காணும் போட்டியை எடுத்துக்காட்டிச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் கற்பிப்போர் உலகில் உண்டு. அவர்களுக்கு இம்மரம் நல்ல சாட்சி தரும். இயற்கையிற் காணும் அன்பை எடுத்துக்காட்டி மனிதனை இடித்துரைப்போருக்கும் இதே மரம் சாட்சி தரும். இரு சாராருக்கும் வேண்டியது தத்தம் வாதமே, பறவை அன்று. ஆகையால் பறவையிடம் ஒழுக்கம் படிக்க நான் செல்லவில்லை. பார்க்கப் படிக்கவே சென்றேன்.

பார்ப்பது என்பது எளிய காரியமன்று. வெண்கொக்கின் கதையை எண்ணிப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகிலும் தலையிலும் மெல்லிய நீண்ட இறகுகள் முளைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஐரோப்பிய, அமெரிக்கச் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிப்பதற்கு அவ்விறகு வேண்டியிருந்தது. இறகு முளைப்பது கூட்டிற் குஞ்சு இருக்கும் காலத்திலே. வேடரும் அக்காலத்திலேயே வந்தனர். தாயும் தந்தையும் சுடப்பட்டு வீழ, கூட்டிலே குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. தொப்பி அணிந்தவரும் ஒருவகையிற் கொக்கைப் பார்த்தவரே. இறகை மட்டும் பார்த்தனர். கூட்டைப் பார்க்கவில்லை. 1889 ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரத்திலே பெண்கள் சிலர் கூடி இறகு அணிவதற்கு எதிராக ஒரு சங்கம் அமைத்தனர். பிற்காலத்திற் பெரும் பறவைப் பாதுகாப்பு இயக்கமாக வளர்ந்த சங்கம் அது. அப்பெண்கள் செய்த முதற் காரியம், தொப்பியைப் பார்த்தபோது கூட்டையும் சேர்த்துப் பார்த்ததே. தேநீர்க் கோப்பையைப் பார்க்கும்போது எதனைச் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதை வாசகர் தாமே நிரப்பிக்கொள்ளலாம்.

குறுந்தொகையிலே கபிலர் பாடிய ஒரு செய்யுளை இங்கு நினைவுகூர வேண்டும். தலைவன் தன்னை மணந்த நாளில் வேறு சாட்சி எவரும் இல்லை, ஒரு குருகு மாத்திரமே இருந்தது என்கிறாள் தலைவி. அக்குருகும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். உரையாசிரியர்கள் இதன் நயத்தைப் பலபட விரித்துள்ளனர். வாவிக்கரையில் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. அங்கே இருந்த ஒரே சாட்சியின் கண் தன் இரையின் மேலேயே பதிந்திருந்தது. நடந்ததை அது கண்டிருக்கலாம், காணாமலும் இருந்திருக்கலாம். கேட்டாற் சொல்லாது. நம்முள் எத்தனைபேர் இத்தகைய சாட்சிகள்! அநியாயம் நிகழும் இடத்திலே உடனிருப்போம். கண் மட்டும் நம் ஆரலின் மேலே இருக்கும்.

இவ்வாண்டு தை மாத இறுதியில் வாவிக்கரையிலே ஒரு பேச்சு எழுந்தது. பறவைகளின் எச்சம் நடைபாதையை நாசமாக்குகிறது. உல்லாசப் பயணிகள் மூக்கைப் பொத்துகின்றனர். வெள்ளை உடுப்போடு விகாரைக்குப் போவோர் திரும்பிப்போக நேரிடுகிறது. ஆகவே கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்பது அப்பேச்சு. இம்முறைப்பாடு பொய்யன்று. குடையின்றி அம்மரங்களின் கீழே நடப்பது எத்தகைய துணிச்சல் என்பதைக் கண்டிவாசிகள் அறிவர். எச்சம் அளவுமீறினால் மரமும் பட்டுப்போகும். தாம் வாழும் மரத்தைத் தாமே கொல்லும் குடிகள் இப்பறவைகள். ஆயினும் அப்போது கூடுகளில் முட்டையும் குஞ்சும் இருந்தன. ஒரே மரத்தில் முப்பத்தொரு கூடுகளை நான் எண்ணியிருந்தேன்.

முறைப்பாடு செய்தோரை விட எச்சத்தால் அதிகம் பாதிக்கப்படுபவர் ஒருவர் உண்டு. அவரை எவரும் கேட்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து அந்நடைபாதையைக் கூட்டி நீரூற்றித் தேய்ப்பவர் அவர். ஐம்பது வயதைக் கடந்த பெண். மகியாவையிலிருந்து வருபவர். கண்டி நகரின் கழிவை அள்ளுவதற்கென வெள்ளையர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் சந்ததியார், தலைமுறைகள் கடந்தும் அங்கே நெருக்கமான வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். வேலையும் சாதியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து விடாமல் நிற்கும் இடம் அது. ஒரு நாள் முதல் பஸ்ஸிலே வந்திறங்கிய நான் அவரோடு பேச்சுக் கொடுத்தேன்.

“கிளையை வெட்டிவிட்டால் உங்களுக்கு வேலை குறையுமே, அக்கா?”

“வெட்டினா குருவி பக்கத்து மரத்துக்குப் போகும் சேர். நானும் பக்கத்து மரத்துக்குக் கீழே போயிக் கூட்டுவேன். அதுக்கு வேற எடம் இல்ல, எனக்கும் வேற வேல இல்ல” என்றார். சற்று நேரம் தேய்த்துவிட்டு, தலை நிமிராமலே தொடர்ந்தார்: “கூட்டுறதுக்கு ஒரு நல்ல கையுற குடுத்தாங்கன்னா போதும். தலைக்கு ஒரு தொப்பி. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. குருவி எச்சத்தப் பத்தி இவ்ளோ பேரு பேசுறாங்க. அது என் தலமேல விழுகுறதப் பத்தி யாரும் பேசல.”

நகர அழகைப் பற்றி ஒரு மாதமாக நடந்த விவாதத்தின் முழுக் குறைபாட்டையும் இக்கூற்று எடுத்துரைத்தது. ஒரு சாரார் பறவைக்காகப் பேசினர். மற்றொரு சாரார் நடைபாதைக்காகப் பேசினர். மரத்திற்கும் நடைபாதைக்கும் இடையே ஈர்க்குமாறோடு குனிந்து நின்ற மனுஷி இருசாரார் கண்ணிலும் படவில்லை.

என் வகுப்பு மாணவர் பன்னிருவரை ஒரு நாள் மாலை வாவிக்கு அழைத்துச்சென்றேன். கூடுகளை எண்ணுவதே அவர்களுக்கு நான் இட்ட பணி. கட்டுரை எழுதுமுன் எண்ணப் பழகுங்கள் என்பது என் வழக்கமான வற்புறுத்தல். ‘எண்ணற்ற பறவைகள்’ என்று எழுதுபவன் எண்ணிப் பார்க்காதவன். மரத்திற்கு இலக்கமிட்டு, கிளைக்கு இலக்கமிட்டு, கூட்டிற்கு இலக்கமிட்டுப் பிள்ளைகள் உற்சாகத்தோடு எழுதினர். அவர்களிலே தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி திடீரென்று கேட்டாள்:

“சேர், இப்ப இதுங்களுக்கு விலாசம் வந்திருச்சுல்ல? மூணாம் மரம், அஞ்சாங் கெள, ரெண்டாங் கூடு. காயிதம் போட்டா வந்து சேரும்.”

பிள்ளைகள் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்பதை மலையகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. ஏனையோர்க்காகச் சொல்கிறேன். பெருந்தோட்டங்களிலே நம்மவர் வாழும் லயன் காம்பராக்கள் பலவற்றிற்கு இன்றும் தனித்தனி விலாசம் கிடையாது. வெள்ளைக்காரத் துரைமார் தொழிலாளரை அடைப்பதற்கு அமைத்த வரிசைக் கட்டிடங்கள் அவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு சிறு விறாந்தை, ஒரே கூரை. வீதிப் பெயர் இல்லை, வீட்டிலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். தோட்டத்துக் காரியாலயத்தில் இறங்கும். அங்கிருந்து எவர் கையில் எப்போது சேரும் என்பது காரியாலயத்தாரின் மனத்தையும் ஞாபகத்தையும் பொறுத்தது. நகை அடகுவைத்தவரின் அறிவித்தல் ஏலம் முடிந்தபின் கிடைக்கும். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் பரீட்சை நடந்தபின் கிடைக்கும். எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தியைத் தாங்கிய கடிதம் பதினொரு நாள் ஒரு மேசை இழுப்பறையிற் கிடந்தது. பதிவுசெய்ய வேண்டிய தவணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தேயிலை நிறுக்கப்போன என் தாயாரிடம் அது வேறு காரியமாகச் சென்ற இடத்திற் கொடுக்கப்பட்டது. எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அவசரமான கடிதம் வரக்கூடும் என்ற எண்ணம் அங்கே எவர் தலையிலும் உதிக்கவில்லை, அவ்வளவே. அந்த இரண்டு நாள் தவறியிருப்பின் நான் இக்கட்டுரையை எழுதிக்கொண்டிரேன்.

என் தந்தையின் தமையனார் 1974 ஆம் ஆண்டில் மனைவி மக்களோடு தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறியவர். அவ்வண்டிக்கு மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டிருந்தனர். மேடையில் நிற்போரும் வண்டியில் இருப்போரும் ஒருசேர அழுததால் வந்த பெயர். பெரியப்பா நீலகிரியிலே கோத்தகிரிப் பக்கத்திற் குடியேறி அங்கேயும் தேயிலையே பறித்தார். அவர் எழுதிய கடிதங்களின் உறைகள் அப்பாயியின் பெட்டியிலே நெடுங்காலம் கிடந்தன. அப்பாயியின் பெயர், அவர் தகப்பனார் பெயர், கங்காணியின் பெயர், லயத்தின் இலக்கம், தோட்டம், டிவிசன், தபாற்கந்தோர் என்று ஏழு வரி விலாசம். ஒரு மனுஷியைக் கண்டுபிடிக்க அத்தனை பேரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

இவற்றிற்கெல்லாம் சட்டத்தில் வேர் உண்டு. காட்டு விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1937 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதற்குப் பதினோராண்டுகள் கழித்து, சுதந்திரம் பெற்ற அதே 1948 ஆம் ஆண்டிலே, பிரசாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலோர் அதனால் நாடற்றவராயினர். 1931 இல் வந்த சர்வசன வாக்குரிமையின் பயனை நுகரத் தொடங்கியிருந்த மக்கள், அடுத்த ஆண்டே வாக்கையும் இழந்தனர். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் வகுத்தது; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென விட்டது. பத்தாண்டுகள் கழித்து அவர்களையும் இரண்டு சமபாதிகளாகப் பிரித்துக்கொண்டனர். சம்பந்தப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. பறவைக்கு நாட்டிற் சட்டப் பாதுகாப்பு இருந்த காலத்திலேயே, அம்மரங்களுக்கு அப்பாலுள்ள மலைகளிலே தேயிலை பறித்த கைகளுக்கு நாடே இல்லாதிருந்தது. நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்ததென்பர். காகிதத்தில் தீர்ந்தது. மலையகத்தார் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றவர்கள் காணியையும் வீட்டையும் பற்றியே இன்னும் பேசவேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு, ‘பறவைக்குக் கொடுத்ததைப் பறித்து மனிதனுக்குக் கொடுக்கச் சொல்கிறாயா?’ என்று எவரேனும் வினவலாம். இல்லை. அவ்வாறு வினவுவோர், ஒருவருக்குக் கொடுக்கவேண்டுமாயின் இன்னொருவரிடம் பறித்தே ஆகவேண்டும் என்று நம்பப் பழகிக்கொண்டவர்கள். நெடுங்காலம் ஆளப்பட்டவர்களுக்கு அந்நம்பிக்கை வருவது இயல்பு. நான் சொல்வது வேறு. ஒரு கூட்டைக் கூடென்று காணும் கண், ஒரு காம்பராவை வீடென்று காணவேண்டும். சத்திமுற்றப் புலவர் என்ற வறிய கவிஞர் பற்றித் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். பாண்டிய நாட்டிலே குளிரில் ஒடுங்கிக் கிடந்தவர், ஊரிலுள்ள மனைவிக்குத் தம் நிலையைச் சொல்லுமாறு செங்கால் நாரையை வேண்டினார். அப்பறவை தெற்கே குமரி வரை வந்து வடக்கே மீளும் வழிப்பறவை என்பதையும், இணையோடு செல்லும் என்பதையும், அலகின் நிறத்தையும் வடிவத்தையும் அவர் பிழையறக் கண்டிருந்தார். தம் வறுமையை மறைக்கவுமில்லை. பறவையைக் கூர்ந்து பார்த்ததும் தம் பசியைக் கூர்ந்து சொன்னதும் அவருக்கு ஒரே செயல். அவ்விரண்டையும் பிரித்து, முன்னதை இரசனை என்றும் பின்னதை அரசியல் என்றும் வேறு வேறு பெட்டிகளிற் போட்டுவைத்தது பிற்காலத்து ஏற்பாடு.

வீடு என்பது சாவு வாழ்வுப் பிரச்சினை என்பதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ‘போங்கள்’ என்று சொன்னவர்கள் ‘எங்கே’ என்பதைச் சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ப் புயல் வந்தபோது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் அதே கதை மேலும் பரந்த அளவில் நிகழ்ந்தது. கூடு எண்ணிய என் மாணவருள் இருவரின் குடும்பங்கள் அப்போது ஒரு பாடசாலை மண்டபத்தில் வாரக்கணக்காகத் தங்கியிருந்தன. பெருங்காற்றில் முறிந்த கிளையிலிருந்த பறவை அடுத்த மரத்திற்குப் போய் மறுநாளே சுள்ளி பொறுக்கத் தொடங்குகிறது. அதனிடம் எவரும் உறுதிப்பத்திரம் கேட்பதில்லை. மனிதனுக்கோ சுள்ளி பொறுக்கக் கையிருந்தாலும் கட்ட ஒரு சாண் நிலமில்லை. இருநூறு ஆண்டுகளாக நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலமில்லை என்ற செய்தி எந்தப் பறவைக்கும் விளங்கக்கூடியதன்று.

கிளை வெட்டும் பேச்சு முற்றியபோது, மாணவர்கள் பொறுப்பிலுள்ளோருக்கு ஒரு கடிதம் எழுதினர். நான் இலக்கணப் பிழைகளை மாத்திரம் திருத்தினேன். அதில் மூன்று வேண்டுகோள்கள் இருந்தன. குஞ்சுகள் பறக்கும் வரை கிளைகளை வெட்டாதிருத்தல் முதலாவது. மரத்தின் நலத்தை அறிந்தவரைக் கேட்டு, வேண்டிய கிளையை வேண்டிய பருவத்தில் மட்டும் கழித்தல் இரண்டாவது. நடைபாதையைக் கூட்டுவோருக்குக் கையுறையும் தொப்பியும் மழைச்சட்டையும் வழங்குதல் மூன்றாவது. பாடசாலை விலாசத்தை எழுதி அனுப்பலாம் என்றேன். விலாசத்தைப் பற்றி முன்பு கேட்ட அதே மாணவி மறுத்துவிட்டாள். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு விலாசத்தையே எழுதவேண்டும் என்றாள். “எங்க லயத்துக்கு ஒரு பதில் வரட்டும் சேர். வராட்டி, ஏன் வரலன்னு இன்னொரு கடிதம் எழுதுவோம்” என்றாள். பன்னிரண்டு பெயர்களும் அவற்றின் எதிரே பன்னிரண்டு விலாசங்களும் எழுதப்பட்டன. அவற்றுட் சில ஏழு வரி நீண்டன.

கிளைகள் அப்பருவத்தில் வெட்டப்படவில்லை. எங்கள் கடிதந்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. பங்குனி கடந்ததும் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைநுனிக்கு வந்து, தயங்கி, விழுந்து, விழும்போதே பறந்தன. தொப்பி ஒன்று வந்ததாக அக்கா சொன்னார். கையுறை இன்னும் வரவில்லை. பன்னிருவருள் பாடசாலைக்கு அண்மையில் நகரத்தில் வாழும் நால்வருக்குப் பதில் கிடைத்தது. தோட்டத்திலிருந்து வரும் எண்மரில் எவருக்கும் கிடைக்கவில்லை.

இரண்டாவது கடிதத்தை மாணவர்கள் எழுதத் தொடங்கிவிட்டனர். அதில் பறவைகளைப் பற்றிய பேச்சில்லை. ஒவ்வொரு காம்பராவிற்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு லயத்திற்கும் ஒரு பாதைப் பெயர், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு தபாற்பெட்டி என்பதே அதன் உள்ளடக்கம். வீட்டுரிமைக்கும் காணியுரிமைக்கும் இவை ஈடாகா என்பதை அவர்கள் அறிவர். ஆனால் உரிமைப் பத்திரம் வரும் நாளில் அது மேசை இழுப்பறையிற் கிடவாமல் உரியவர் கைக்கு வந்து சேரவேண்டுமல்லவா? கூடுகளை இலக்கமிட்டு எண்ணப் பழகிய பிள்ளைகள் இப்போது லயன்களுக்கு இலக்கமிட்டு வருகின்றனர்.